பள்ளிக்கூட வாசலில் ஒரு பொய்

ஜூன் மாசம் ஒண்ணாம் வகுப்பு வாசலில் பல பெற்றோர் சொல்வது: "அம்மா இங்கேயே நிக்கிறேன்டா." குழந்தை திரும்பினதும் நழுவிடுவாங்க. அழுகையை நிறுத்தத்தானே, இதுல என்ன தப்புன்னு கேட்கலாம். எனக்கு அது பொய்யாத்தான் படுது. 5 வயசுக் குழந்தைக்கு நம்ம வார்த்தையைச் சரிபார்க்க வேற வழியே கிடையாது. நாளைக்கு "டீச்சர் நல்லவங்க, பயப்படாதே"ன்னா எதை வச்சு நம்பும்?

என் அக்கா மகனுக்கு மணி பார்க்கத் தெரியாது, 3.30-க்கு வர்றேன்னா புரியாது. அதனால அக்கா சொன்னது: "சாப்பிடுவே, அப்புறம் விளையாடுவே, கடைசி மணி அடிச்சதும் மாமா வாசல்ல இருப்பாங்க." அழுதுக்கிட்டேதான் போனான். முதல் சில வாரம் அழறது இயல்புதான். ஆனா மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே நான் அங்க நிக்கணும். ஆபீஸ்ல மூணு மணி மீட்டிங்கை இந்த மாசம் முழுக்க நாலரைக்குத் தள்ளிட்டேன்.