மேசைக்கு அந்தப் பக்கம்

காமிக் கான் என்றதும் பலருக்கும் வேடமணிந்த கூட்டமும் புதுப்பட முன்னோட்டங்களும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெரிய கூடத்தின் ஒரு பகுதியில் ‘ஆர்ட்டிஸ்ட் ஆலி’ என்ற வரிசை இருக்கும். மேசைக்கு ஒருவராக ஓவியர்களும் கதாசிரியர்களும் அங்கே அமர்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் பழைய இதழ்கள், அச்சிட்ட படங்கள், பென்சில் கோடு இன்னும் தெரிகிற அசல் பக்கங்கள், ஸ்கெட்ச்சுக்கு இவ்வளவு என்று எழுதிய சிறிய அட்டை. பத்து வயதில் படித்த கதையை வரைந்த கை நாற்பது வயதில் கண்ணெதிரே இருக்கிறது. என்ன பேசுவதென்று தெரியாமல், “உங்கள் கதைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும்” என்ற ஒரே வரியைச் சொல்லிவிட்டு நகர்கிறவர்களே அதிகம்.

அந்தக் கலைஞரின் பெயரை வாசகர் ஒருநாள் செய்தியிலும் சந்திக்கிறார். கலைஞர் பக்கவாதத்தில் விழுந்துவிட்டார், மருத்துவச் செலவு கைமீறிவிட்டது, வீடு போகும் நிலை, மனைவியோ தம்பியோ உதவி கேட்கிறார் என்று அந்தச் செய்தி சொல்லும். அமெரிக்கக் காமிக்ஸ் உலகில் இது அரிய செய்தி அல்ல. ‘ஹல்க்’ தொடரைப் பத்தாண்டுகளுக்கு மேல் எழுதிய பீட்டர் டேவிட் 2025இல் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவருடைய சிகிச்சைக்காக வாசகர்களிடம் நிதி திரட்ட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் நிரந்தர வேலையோடு பிணைந்திருக்கிறது. காமிக்ஸ் கலைஞர்களில் பெரும்பாலோர் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள். கை ஓடும்வரை வருமானம். கை நின்றால் அதுவும் நின்றுவிடும்.

இப்படி ஒரு குடும்பத்தின் துன்பம் செய்தியாகும்போது வாசகர் அனுப்பும் பணம் தருமமா, அல்லது எங்கோ கொடுக்காமல் விட்ட கூலியின் பாக்கியா? தருமம் என்றால் கொடுப்பதும் கொடுக்காததும் அவரவர் மனம். பாக்கி என்றால் அது யார் தலையில் விழுகிறது என்று கேட்டாக வேண்டும்.

இந்தத் துறையின் மிகப் பழைய, மிகப் பெரிய வழக்குகளில் ஒன்று சூப்பர்மேனுடையது. 1938இல் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இருபத்து மூன்று வயது நண்பர்கள் இருவர் அந்தப் பாத்திரத்தின் உரிமை முழுவதையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பிறகு நீதிமன்றம் போனார்கள், உரிமை திரும்பவில்லை. கதைகளிலிருந்து அவர்கள் பெயரும் எடுக்கப்பட்டது. 1975இல், சூப்பர்மேன் படம் பெரும் பொருட்செலவில் தயாராகப் போகிறது என்ற செய்தி வந்தபோது, சீகல் கலிஃபோர்னியாவில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஷூஸ்டர் ஏறக்குறையப் பார்வை இழந்து, நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் தம்பியோடு இருந்தார்.

சீகல் தன் ஆற்றாமையை நீண்ட அறிக்கையாக எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் ஆகிய ஓவியர்கள் அதைக் கையிலெடுத்தார்கள். செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் பேசத் தொடங்கின. அந்த ஆண்டு டிசம்பரில், அப்போது சூப்பர்மேன் உரிமையை வைத்திருந்த வார்னர் நிறுவனம் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகை தரவும், உருவாக்கியவர்கள் என்று அவர்கள் பெயரை மீண்டும் போடவும் ஒப்புக்கொண்டது. நீதிமன்றத்தில் கிடைக்காததைச் செய்தி வாங்கிக் கொடுத்தது.

அந்த வெற்றிக்குக் கொடுத்த விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய இருவர் தங்கள் வறுமையையும் கண்பார்வைக் குறைவையும் நாடு முழுவதற்கும் காட்ட வேண்டியிருந்தது. அவர்கள் உருவாக்கிய பாத்திரம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக உலகின் கண்முன் பறந்துகொண்டிருந்தும் அது போதாமல்போனது. அப்படிக் கிடைத்ததும்கூட உரிமை என்ற பெயரில் வரவில்லை, உதவித்தொகை என்ற பெயரில்தான் வந்தது.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். கையெழுத்திட்டவர்கள் வயது வந்தவர்கள். ஒப்பந்தம் அந்தக் காலத்து வழக்கப்படியே எழுதப்பட்டது. வெளியீட்டாளர் நூறு பாத்திரங்களில் முதல் போடுகிறார், தொண்ணூறு தோற்கின்றன. தோற்றவற்றின் நஷ்டத்தில் பங்கு கேட்காத கலைஞர் வென்றதன் லாபத்தில் மட்டும் பங்கு கேட்பது முறையா? ஒரு பாத்திரம் எண்பது ஆண்டு நிலைப்பதற்குப் பின்னால் வந்த நூற்றுக்கணக்கான கைகளும் காரணம்தானே?

இதில் உண்மை இருக்கிறது. சட்டத்துக்கு அது போதுமானதாகவும் இருந்தது. ஆனால் அறத்தின் கணக்கு கையெழுத்திட்ட நாளோடு முடிவதில்லை. 130 டாலர் என்று விலை பேசியபோது இரு தரப்பாருக்கும் தெரியாத ஒன்று பிறகு தெரியவந்தது. அப்படித் தெரிந்த பின்னும் பழைய தாளையே காட்டிக்கொண்டிருப்பவர் ஒப்பந்தத்தை மதிக்கிறார் என்று சொல்லலாம். அந்த மனிதரை மதிக்கிறார் என்று சொல்ல முடியாது.

பில் மான்ட்லோவின் வழக்கு இன்னும் கடினமானது. ‘கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி’ பட ரசிகர்களுக்குத் தெரிந்த ராக்கெட் ரக்கூனை 1976இல் ஓவியர் கீத் கிஃபனோடு சேர்ந்து உருவாக்கியவர் அவர். பிறகு சட்டம் படித்து, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஏழைகளுக்காக வாதாடும் வழக்கறிஞரானார். 1992 ஜூலையில் ரோலர் சக்கரங்களில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு கார் மோதியது. ஓட்டியவர் நிற்காமல் போய்விட்டார். மூளையில் பலத்த காயம். அன்றிலிருந்து அவர் வாழ்க்கையின் பொறுப்பு தம்பி மைக்கேலின் தோளில் விழுந்தது. காப்பீட்டு நிறுவனம் சிகிச்சைச் செலவைத் தொடர மறுக்க, குடும்பத்தின் கைப்பொருள் கரைந்துபோன கதையை 2011இல் ஒரு விரிவான கட்டுரை வெளிக்கொண்டுவந்தது. வாசகர்கள் நெகிழ்ந்தார்கள், நன்கொடைகள் வந்தன.

அந்தக் கார் எந்தப் பதிப்பகத்துடையதும் அல்ல. அந்தக் காப்பீட்டை எந்த வாசகரும் நிறுத்தவில்லை. அப்படியிருக்க வாசகருக்கு இதில் என்ன கடமை என்று ஒருவர் கேட்டால், கேள்வி தவறில்லை. நேற்று வேறொரு சாலையில் அடிபட்ட, கதை எழுதாத ஒருவருக்கும் தம்பி இருப்பார். பிடித்த கதையை எழுதியவர் என்பதற்காக ஒரு குடும்பத்துக்கு மட்டும் கை நீளுவது நீதியா?

இந்த இடத்தில் சங்ககாலப் புலவர் ஒருவர் துணைக்கு வருகிறார். பெருஞ்சித்திரனார் தன் தாயும் மனைவியும் பிள்ளையும் பட்ட பசியை வள்ளல் குமணன் முன்னால் ஒளிக்காமல் பாடியவர். வீட்டின் வறுமையைச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை. அதே பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியைத் தேடிப்போனபோது, மன்னன் அவரை நேரில் காணாமல் பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் வாங்க மறுத்தார். தன்னைக் கண்டு, தன் புலமையின் அளவறிந்து கொடுத்தால் தினையளவும் போதும் என்பது அவர் நிலை. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். துன்பத்தைச் சொல்வதில் இழிவு இல்லை. ஆளைக் காணாமல் கொடுப்பதில்தான் இழிவு இருக்கிறது.

வாசகரின் கடமை இங்கிருந்து தெளிவாகிறது. மான்ட்லோவும் சாலையில் அடிபட்ட இன்னொருவரும் துன்பத்தில் சமம். அந்தத் துன்பத்துக்கு விடை காணவேண்டியது மருத்துவத்தைக் காப்பீட்டு நிறுவனங்களின் கணக்கில் விட்டுவைத்திருக்கும் சமூகம். மான்ட்லோவுக்கும் அவர் வாசகருக்கும் நடுவே மட்டும் கூடுதலாக ஒன்று இருக்கிறது: ஒருவர் வேலை செய்தார், மற்றவர் அதை அனுபவித்தார். அந்த வேலையைக் கண்டு கொடுப்பது ஒன்று, நோயை மட்டும் கண்டு கொடுப்பது வேறொன்று. டேவிட் யுர்கோவிச் என்பவர் மான்ட்லோவின் காமிக்ஸ் வாழ்க்கையை நூலாக எழுதி, அதன் வருவாயை அவர் பராமரிப்புக்குக் கொடுத்தார். நிதிக்காக வந்த நூல்தான். ஆனால் அதை வாங்கியவர் கையில் வந்து சேர்ந்தது ஒரு நோயாளியின் குறிப்பு அல்ல, ஓர் எழுத்தாளரின் வரலாறு. 2014இல் ‘கார்டியன்ஸ்’ படம் வெளியானபோது மார்வெல் நிறுவனம் அவர் இருந்த பராமரிப்பு இல்லத்திலேயே அவருக்காகத் தனியாகத் திரையிட்டது. பணக்கணக்கில் அது சிறிய காரியம். இது உங்களுடையது என்று வீடு தேடி வந்து சொன்ன வகையில் பெரிய காரியம்.

கலைஞரை அவர் வேலையோடு சேர்த்துக் காணும் இடமாக இருப்பதால்தான் காமிக் கானின் அந்த மேசைக்கு இவ்வளவு மதிப்பு. அதுவும் பறிக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை ‘கோஸ்ட் ரைடர்’ உருவாக்கத்தில் பங்குகொண்ட கேரி ஃபிரெட்ரிக்கின் அனுபவம் காட்டியது. 1972இல் வந்த அந்தப் பாத்திரத்தின் உரிமைக்காக அவர் மார்வெல் மீது வழக்குத் தொடுத்துத் தோற்றார். 2012இல், காமிக் கான்களில் கோஸ்ட் ரைடர் படங்களை விற்றதற்காக அவர் 17,000 டாலர் தரவேண்டும் என்றும், இனி வருமானத்துக்காகத் தன்னை அதன் படைப்பாளி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்றும் ஆனது. உடல்நலமும் கைநிலையும் மோசமாக இருந்த முதியவர் அவர். சக எழுத்தாளர்கள் நிதி திரட்டினார்கள். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் கீழ்த் தீர்ப்பை ரத்து செய்தது; இரு தரப்பும் சமரசமாயின.

அந்த 17,000 டாலரைவிட மற்ற நிபந்தனையே ஆழமாகக் குத்துகிறது. நன்கொடை வாங்குவதை யாரும் தடுக்கவில்லை. இதை உருவாக்கியவன் நான் என்று சொல்லி உழைத்துச் சம்பாதிப்பதற்குத்தான் தடை வந்தது.

ஜாக் கிர்பி விஷயத்தில் வாசகர்கள் வேறொரு வழியில் நடந்தார்கள். 1970இல் சான் டியேகோவின் முதல் காமிக் கான் ஒரு ஹோட்டலில் முந்நூறு பேரோடு நடந்தபோதே விருந்தினராக வந்தவர் கிர்பி. மார்வெலுக்கு அவர் வரைந்தவை பல்லாயிரம் பக்கங்கள். எண்பதுகளில் நிறுவனம் பழைய அசல் பக்கங்களை ஓவியர்களுக்குத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியபோது, அவருக்கு மட்டும் மற்றவர்களுக்கு இல்லாத நீண்ட நிபந்தனைப் பத்திரத்தை நீட்டி, நூறுக்கும் குறைவான பக்கங்களே தருவதாகச் சொன்னார்கள். அசல் பக்கம் ஓவியருக்கு நினைவுப் பொருள் மட்டுமல்ல. முதுமையில் விற்றுச் சாப்பிடக்கூடிய சொத்தும் அதுதான். வாசகர்களும் சக கலைஞர்களும் பணம் வசூலிக்கப் போகவில்லை. பக்கங்களைத் திருப்பிக் கொடு என்று கையெழுத்து திரட்டினார்கள், பத்திரிகைகளில் எழுதினார்கள். 1987இல் ஏறத்தாழ இரண்டாயிரம் பக்கங்கள் கிர்பியின் வீட்டுக்கு வந்தன. அவர் 1994இல் மறைந்தார். குடும்பத்துக்கும் நிறுவனத்துக்குமான வழக்கு 2014இல்தான் சமரசத்தில் முடிந்தது.

இந்தப் பெரிய வழக்குகளின் நிழலில் சிறிய கணக்குகளும் உண்டு. மேசை வாடகை, பயணம், தங்குமிடம் எல்லாம் பல சமயம் ஓவியரின் கைக்காசு. சனி, ஞாயிறு விற்பனையில் அது திரும்பி வர வேண்டும். “சும்மா ஒரு சின்ன ஸ்கெட்ச்தானே” என்று இலவசமாகக் கேட்பவர், கட்டுக் கட்டாக இதழ்களை நீட்டிக் கையெழுத்து வாங்கி மறுநாள் ஏலத்தில் விடுபவர், வேறு யாரோ திருட்டுத்தனமாக அச்சிட்ட படத்தைக் கொண்டுவந்து உரியவரிடமே கையெழுத்து கேட்பவர் எல்லோரும் அன்பின் பெயரில்தான் வருகிறார்கள். அட்டையில் எழுதிய விலையைப் பேரம் பேசாமல் கொடுப்பது மிகச் சாதாரணமான நடத்தை. நாளைய செய்தியில் ஒரு குடும்பம் கையேந்தாமல் இருக்க அதற்கும் ஒரு பங்கு உண்டு. 2020இல் கொள்ளைநோய் காரணமாகச் சான் டியேகோ உட்பட மாநாடுகள் ரத்தானபோது, அந்த மேசைகளை நம்பி எத்தனை வீட்டு அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன என்பது துறைக்கே புரிந்தது.

நோயும் விபத்தும் மேசை வருமானத்தால் தீர்பவை அல்ல என்பதும் உண்மை. அதற்காகவே 2000இல் தொடங்கப்பட்டது இன்று ‘ஹீரோ இனிஷியேட்டிவ்’ என்று அறியப்படும் அமைப்பு. முதிய, நலிந்த காமிக்ஸ் கலைஞர்களுக்கு மருத்துவம், வாடகை போன்ற அவசரச் செலவுகளில் அது உதவுகிறது. மாநாடுகளில் அதன் மேசையில் பிற ஓவியர்கள் அமர்ந்து வரைந்து கொடுக்கிறார்கள். அந்தப் பணம் நிதியில் சேர்கிறது. இந்த ஏற்பாட்டில் கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள். வீட்டில் உள்ளவர்கள் படும் பாட்டை ஊரறியப் படம்பிடித்துக் காட்டும் போட்டியில் ஒரு குடும்பம் இறங்கத் தேவையில்லாமல் போகிறது. செய்தியில் நெஞ்சை உருக்கத் தெரிந்த குடும்பத்துக்கு நிறையவும், சொல்லத் தெரியாத குடும்பத்துக்கு ஒன்றும் இல்லாமலும் போகும் அநீதி இங்கே குறைகிறது. ஆனாலும் இப்படி ஓர் அமைப்பு தேவைப்படுகிறது என்பதே, கூலியும் காப்பீடும் சரிவர இல்லை என்பதற்கான சாட்சி. அது இருக்கிறது என்பதைக் காட்டி நிறுவனங்கள் தங்கள் பாக்கியைத் தீர்த்ததாகக் கொள்ள முடியாது.

பணமே கொடுக்காமல் ஒரு வாசகர் கொடுத்த பொருளும் ஒன்று உண்டு. 1965இல் நியூயார்க்கில் நடந்த ஒரு காமிக்ஸ் மாநாட்டில் பில் ஃபிங்கர் மேடையேறினார். பேட்மேனின் உடையையும் இயல்பையும், காதம் நகரத்தின் பெயரையும் உருவாக்கியவர் அவர். இதழ்களிலோ உருவாக்கியவர் என்று ‘பாப் கேன்’ என்ற ஒரே பெயர்தான் இருந்தது. அவரிடம் கேட்டறிந்ததை ஜெர்ரி பெய்ல்ஸ் என்ற ரசிகர் கட்டுரையாக எழுதிச் சக ரசிகர்களுக்கு அனுப்பினார். பாப் கேன் கோபத்தோடு மறுத்தார். அந்தக் கட்டுரையால் ஃபிங்கருக்கு ஒரு டாலரும் வரவில்லை. 1974இல் அவர் வறுமையிலேயே இறந்தார்.

ஆனால் எழுதிவைத்தது எழுதிவைத்ததுதான். பிற்காலத்தில் மார்க் டைலர் நோபல்மன் என்ற எழுத்தாளர் அந்த இழையைப் பிடித்துக்கொண்டு போய், ஃபிங்கரின் பேத்தி அதீனாவைக் கண்டடைந்தார். 2015இல் ஃபிங்கரின் பெயரையும் சேர்க்க, பேட்மேனை வெளியிடும் டிசி நிறுவனம் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு வந்த பேட்மேன் படத்தில் அந்தப் பெயர் திரையில் ஓடியது. நோபல்மன் தேடிப்போன வழியில் இன்னொன்றும் தெரியவந்தது. அடையாளமற்ற கல்லறையில் கிடப்பதாகப் பலர் நம்பிய ஃபிங்கரின் சாம்பலை, அவருடைய ஒரே மகன் ஓரிகன் மாநிலக் கடற்கரைக்கு எடுத்துப்போய், ஈரமணலில் வௌவால் வடிவத்தில் பரப்பியிருந்தார். அலை வந்து கொண்டுபோகும்வரை அது அங்கே இருந்தது.