அணையும் விகாரையும்



சென்ற பௌர்ணமி நாளில் நமது சங்கத்தில் எழுந்த வழக்கை வந்திருந்தோர் அனைவரும் அறிவர். வாராதவர்க்காகச் சுருங்கக் கூறுகிறேன். ஓடு வேய்ந்த பழைய மன்றத்தை இடித்துவிட்டு, வெளியூர்களிலிருந்து பெங்களூருக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகளுக்காக மூன்றடுக்கு விடுதி எழுப்பலாம் என்றனர் இளைஞர் சிலர். நம் பாட்டன்மார் ஆலைக் கூலியில் நாலணாவும் எட்டணாவுமாகச் சேர்த்துக் கட்டிய மன்றத்தின்மீது கடப்பாரை வைப்பதா என்று முதியோர் சினந்தனர். என் கருத்தைக் கேட்டபோது நான் விடை கூறாது எழுந்து போனேன். அது பலருக்கு மனவருத்தம் தந்ததென்று அறிந்தேன். அன்று வாயில் வராததை இன்று எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் யாம் ஒரு குழுவாக நாகார்ஜுனகொண்டாவிற்குச் சென்றோம். கிருஷ்ணை ஆற்றைத் தடுத்த பெருநீரின் நடுவே படகில் போய்த் தீவில் இறங்கினோம். அத்தீவு பிறவித் தீவன்று, மலையொன்றின் உச்சி. அதன் அடிவாரத்துப் பள்ளத்தாக்கில்தான் கி.பி. மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் இக்ஷ்வாகு வேந்தரின் தலைநகராகிய விஜயபுரி விளங்கிற்று. முப்பதுக்கு மேற்பட்ட பௌத்த நிலையங்கள் அங்கிருந்தன. இலங்கைப் பிக்குகளுக்கென ஒரு விகாரையும் இருந்ததைக் கல்வெட்டு கூறும். மகாசைத்தியத்தை எடுப்பித்தவள் அரசன் சாந்தமூலனின் உடன்பிறந்தாளான சாந்திஸ்ரீ. வேறு பல திருப்பணிகளைச் செய்தவள் போதிஸ்ரீ என்னும் உபாசிகை. வணிகத்தால் வந்த பொருளே இவற்றிற்கெல்லாம் அடிப்படை. உரோம நாட்டுப் பொற்காசுகளும் அம்மண்ணிலே கிடைத்துள்ளன. செல்வம் வேறு, தம்மம் வேறு என்று எண்ணுவோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

1926ஆம் ஆண்டில்தான் இவ்விடம் ஆராய்ச்சியாளர் கண்ணுக்குப் புலப்பட்டது. 1955 டிசம்பர் 10ஆம் நாள் பிரதமர் நேரு அணைக்கு அடிக்கல் நாட்டினார். கண்டு முப்பதாண்டும் ஆகவில்லை; அதற்குள் மூழ்கப் போவது உறுதியாயிற்று! எனினும் 1954 முதல் 1960 வரை தொல்பொருள் துறையினர் இரா. சுப்பிரமணியம் தலைமையில் அப்பள்ளத்தாக்கைத் தோண்டி, அளந்து, படமெடுத்து, எழுதி வைத்தனர். கற்கால மாந்தரின் கருவிகள் முதற்கொண்டு கிடைத்தன. முதன்மையான கட்டடங்கள் சிலவற்றைக் கல் கல்லாகப் பெயர்த்து மலைமீதும், கரையில் அனுப்பு என்னுமிடத்திலும் மீண்டும் அமைத்தனர். 1967இல் கால்வாய்களில் நீர் திறக்கப்பட்டது. இருபது இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்திற்குப் பாசனம் தருவதே அத்திட்டம்.

தீவில் நின்றபோது எம்முடன் வந்த இளைஞர் ஒருவர், "ஐயா, பகவனின் விகாரைகளை மூழ்கடித்தது பாவமல்லவா?" என்று கேட்டார். அருகிலிருந்த மூதாட்டி ஒருவர் எனக்கு முன்னே விடை சொன்னார். அவர் இளமையில் பஞ்சத்தால் ஊரைவிட்டு வந்தவர். "சோறில்லாத வீட்டில் புத்தர் படத்தை மட்டும் மாட்டி வைத்து என்ன செய்வாய், தம்பி?" என்றார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு முழுதாக வரவில்லை.

பகவன் இதுபற்றி யாது கூறினார்? கூடதந்த சூத்திரத்தில் ஒரு மன்னன் கதை வருகிறது. பெருவேள்வி செய்ய நினைத்த அவனைப் புரோகிதன் தடுத்து, உழவர்க்கு விதையும், வணிகர்க்கு முதலும், பணியாளர்க்குக் கூலியும் முதலில் கொடு என்கிறான். மூதாட்டியின் சொல்லுக்கு இது சான்று. ஆயின் மகாபரிநிப்பான சூத்திரத்தில், வஜ்ஜியர் தாழ்வுறாமல் வாழ்வதற்குரிய ஏழு நெறிகளைக் கூறும்போது, தம் சைத்தியங்களைப் போற்றி, அவற்றிற்குரியதைக் குறைக்காதிருத்தலையும் ஒன்றாக வைத்தார் அவரே. இது இளைஞரின் கேள்விக்குச் சான்று. இரண்டும் ஒரே வாய்ச்சொல். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றை மறைப்பது நேர்மையாகாது.

"எல்லாம் அநித்தியம், இடிந்தாலென்ன, நின்றாலென்ன?" என்று நம் கூட்டத்தில் ஒருவர் கூறினாரல்லவா? அநித்தியம் என்பது நம் பற்றை அறுக்கச் சொல்லப்பட்டது. இடிப்பவன் கைக்குச் சாக்காகச் சொல்லப்பட்டதன்று. மன்றம் அநித்தியமானால் கட்டப் போகும் விடுதியும் அநித்தியமே. பின் அதை மட்டும் ஏன் கட்டுவது?

நாகப்பட்டினத்தை நினைத்துப் பாருங்கள். ஸ்ரீவிஜய மன்னர் எடுப்பித்த சூடாமணி விகாரைக்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரைத் தானமாக விட்டான். அங்கே எஞ்சி நின்ற பழங்கோபுரத்தை, ஆங்கில அரசின் இசைவோடு, 1867இல் இடித்துவிட்டனர். அதன் பொருளைக் கொண்டு கட்டடம் வேண்டியிருந்தது, அவ்வளவே. கல்விக்காகத்தான் இடித்தார்கள் என்று கூறலாம். நாமும் கல்விக்காகத்தானே கேட்கிறோம்? எனக்கு உறக்கம் கெடுத்தது இந்த ஒற்றுமையே. அவ்வூரில் 1856 முதற்கொண்டு மண்ணிலிருந்து ஏறக்குறைய 350 புத்தப் படிமங்கள் வெளிவந்தன. கோபுரமோ போனது போனதுதான். நாகார்ஜுனகொண்டாவில் நீர் வருமுன் ஆறாண்டுகள் மண்ணைப் படித்தார்கள். நாகப்பட்டினத்தில் அப்படி எவரும் படிக்கவில்லை. இரண்டும் இழப்பே ஆயினும் இரண்டும் ஒன்றல்ல.

எகிப்தில் அஸ்வான் அணைக்காக அபு சிம்பெல் கோயில்களை 1964 முதல் 1968 வரை அறுத்தெடுத்து, 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் பொருத்தினர். உலக நாடுகள் பொருளுதவின. கல்லுக்கு இவ்வளவு கவலை, பள்ளத்தாக்கில் குடியிருந்தவர்க்கு? கிருஷ்ணையிலும் நைல் ஆற்றிலும் வீடு துறந்து போனவர் ஏழைகளே. தண்ணீர் பெற்றவர் வேறு, ஊரை இழந்தவர் வேறு. ஒரு திட்டம் நன்றா தீதா என்று கேட்குமுன், இழப்பு யார் தலையில் விழுகிறது என்று கேட்பதே என் வழக்கம். ஆலையில் கற்ற பாடம் இது.

நான் பத்தொன்பது வயதில் நூற்பாலையில் சேர்ந்தவன். அவ்வாலை மூடப்பட்டது. இன்று அவ்விடத்தில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. மல்லேசுவரத்தில் ராஜா மில் இருந்த நிலத்திலும் பெரிய வணிக வளாகமே எழுந்துள்ளது. நகரம் வளரத்தான் செய்யும். அதை நான் குறை கூறவில்லை. ஆனால் விடியலில் ஊதிய சங்கின் ஒலியை என் பேரப்பிள்ளைக்கு நான் வாயால் ஊதிக்காட்ட வேண்டியிருக்கிறது. அங்கு உழைத்தோரின் பெயர்களை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. நானும் எழுதவில்லை. பிறரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

எனவே என் கருத்து இதுவே. விடுதி கட்டத்தான் வேண்டும். நம் பெண்பிள்ளைகள் வாடகை அறை கிடைக்காமல், சாதி கேட்கும் வீட்டுக்காரர்களிடம் நின்று திரும்புவதை நான் கண்டிருக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டு ஓட்டுக்கூரையைக் காத்திருத்தல் தம்மமாகாது. ஆயின் இடிப்பதற்கு முன் ஓராண்டு வேண்டும். மன்றத்தை அளந்து படமெழுதுக. உயிரோடிருக்கும் முதியோர் நினைவிலுள்ளதைக் கேட்டு எழுதுக. நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்லைப் புதிய கட்டடத்தின் வாயிலிலேயே பதிக்க வேண்டும், மூலையில் அன்று. அரசமரத்தின்மேல் கை வைக்கலாகாது; அடித்தளத்தை ஆறடி தள்ளிப் போடுக. அதனால் இரண்டு அறைகள் குறையும் என்று பொறியாளர் கூறுவார். குறையட்டும். அவ்விரண்டு அறைகளில் தங்க வேண்டிய நான்கு பிள்ளைகளுக்கு என்ன விடை கூறுவது என்று கேட்டால், அதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை. என் வீட்டு மாடியறை இருவருக்குப் போதும்.

வரும் ஞாயிறு காலை நோட்டுப் புத்தகத்துடன் மன்றத்திற்கு வருவேன். கிழக்குச் சுவரில் சுண்ணாம்புக்கு அடியில் மறைந்த பெயர்களைப் படிக்க, நல்ல கண்பார்வையுள்ள பிள்ளைகள் இருவர் உடன் வருதல் வேண்டும்.