எங்கள் ஊருக்குத் தாமதமாக வந்த எழுபதுகள்

அக்கா மகள் கோவையில் படிக்கிறாள். விடுதித் தோழிகளோடு சேர்ந்து வாரம் ஒரு பழைய படம் பார்ப்பது என்று ஆரம்பித்திருக்கிறார்களாம். "மாமா, எழுபதுகள்ல வந்ததுல பத்தே பத்துப் படம் சொல்லுங்க. எல்லாம் கிளாசிக்கா இருக்கணும்" என்று போனில் கேட்டாள். இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று முப்பது வருடமாகக் காத்திருந்தவன் நான். அன்று ராத்திரியே காகிதத்தோடு உட்கார்ந்துவிட்டேன்.

யோசிக்காமலேயே வந்து விழுந்த பெயர்கள் ஆறு: உதிரிப்பூக்கள், முள்ளும் மலரும், அவள் அப்படித்தான், 16 வயதினிலே, அவள் ஒரு தொடர்கதை, பசி. ஏழாவதாக, சில நேரங்களில் சில மனிதர்கள். எட்டாவது இடத்துக்கு அழியாத கோலங்களா, அரங்கேற்றமா என்று இழுபறி வந்ததும் இரண்டையுமே எழுதிவிட்டேன். பிறகு பக்கத்தில் வருடங்களைக் குறித்துக்கொண்டே வந்தபோதுதான் உறைத்தது. ஒன்பது படங்களில் ஏழு, 1977 முதல் 1979 வரையான மூன்றே வருடங்களில் வந்தவை. 1970லிருந்து 1976 வரை, ஏழு வருடத்துக்கு இரண்டே படங்கள். அந்த இரண்டும் பாலசந்தர் எடுத்தவை.

இதற்குக் காரணம் சொல்ல முடியாது என்றில்லை. 1976இல் அன்னக்கிளி மூலம் இளையராஜா வந்தார். அடுத்த வருடம் பாரதிராஜா கேமராவைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவை விட்டு வெளியே போனார். தங்கப்பதக்கத்துக்குப் பக்கம் பக்கமாக வசனம் எழுதிய மகேந்திரன், 1978இல் தானே இயக்குநராகி, வசனம் குறையக் குறையப் படம் நிறையும் என்று காட்டினார். திரைப்படக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த ருத்ரய்யா, எல்லாரும் வண்ணத்துக்குப் போய்க்கொண்டிருந்த அதே 1978இல் கறுப்பு வெள்ளையில் அவள் அப்படித்தானை எடுத்தார். அந்த மூன்று வருடங்களில் தமிழ் சினிமாவில் ஏதோ நடந்தது உண்மைதான். ஆனாலும் சந்தேகம் போகவில்லை. சினிமா பார்ப்பது எப்படி என்பதை நான் கற்றுக்கொண்டதே இந்தப் படங்களிடம். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் அதற்கு முந்தைய ஏழு வருடத்தை அளந்தால், அது குட்டையாகத்தான் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் பிறந்தது 1971இல். இந்தப் படங்கள் எதையும் வந்த காலத்தில் நான் பார்க்கவில்லை. தூர்தர்ஷனிலும், கல்லூரி விடுதியில் ஆளுக்கு ஐந்து ரூபாய் போட்டு டெக் வாடகைக்கு எடுத்துமாகப் பார்த்தவை. எழுபதுகளை வாழ்ந்து பார்த்த ஆள், நான் பட்டியல் போட்ட அந்த ராத்திரி, அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் இதையெல்லாம் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"அப்ப நீ பாத்ததுல எது நல்ல படம்மா?"

"ஆதிபராசக்தி" என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். அப்புறம் தெய்வம். அப்புறம் வசந்த மாளிகை. "வாணிஸ்ரீ கொண்டை போட்டுப் பாத்தேன். ஒங்க ஆச்சி ஏசிட்டா, அவுத்துட்டேன்."

என் காகிதத்தில் இந்த மூன்றுக்கும் இடமில்லை. கழித்துக்கட்டியவற்றின் பட்டியல் என்று ஒன்று போட்டால் அதிலும் வந்திருக்காது. நல்ல படமா இல்லையா என்று யோசிக்கும் எல்லைக்குள்ளேயே அவை என் மனதில் நுழைந்ததில்லை.

சங்கரன்கோவில் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு, கீற்றுக் கொட்டகை போட்ட டூரிங் டாக்கீஸ்தான். மெட்ராஸில் ஓடி, மதுரையில் ஓடி, திருநெல்வேலியில் ஓடித் தேய்ந்து, கோடு கோடாக மழை பெய்யும் பிரிண்டாகத்தான் படப்பெட்டி பஸ்ஸில் வந்து இறங்கும். அதனால் எங்கள் ஊரில் எழுபதுகள் இரண்டு வருடம் தாமதமாகவே நடந்தன. சாயங்காலம் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்டால் டிக்கெட் கொடுக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பாட்டு கேட்கும்போது, கிளம்பலாமா கூடாதா என்று அம்மா தன் மாமியார் முகத்தைப் பார்ப்பாளாம். சாமி படம் என்றால் பேச்சே இல்லை. மாமியாரே முன்னால் நடப்பாள். ஆதிபராசக்தி வந்தபோது தெருவே திரண்டு போயிருக்கிறது. திரையில் அம்பாள் தோன்றியதும் மணலில் கற்பூரம் ஏற்றியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கு அருள் வந்துவிட்டதாம். கல்யாணமான பிறகு அடுப்பையும் மாட்டையும் விட்டு ராத்திரி பத்து மணிக்கு அவள் வெளியே உட்கார்ந்திருந்தது அன்றுதான் முதல் தடவை. "காத்து நல்லா அடிச்சுது" என்றாள். அந்தப் படத்தைப் பற்றி அம்மா சொன்ன விமரிசனம் அவ்வளவுதான்.

அரங்கேற்றத்தை அப்பாவும் சித்தப்பாவும் திருநெல்வேலிக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். குடும்பத்தைக் காப்பாற்றத் தன் உடம்பை விற்கும் ஒருத்தியின் கதை அது. வீட்டுப் பெண்கள் பார்க்கக்கூடிய படமல்ல என்று பார்த்துவிட்டு வந்த ஆண்கள் முடிவு செய்தார்கள். பெண்களின் துயரத்தைச் சொன்ன மகத்தான படம் என்று நான் பட்டியலில் சேர்த்தது அதைத்தான்.

உலகத்திலேயே பெரிய பட்டியல் என்று மதிக்கப்படும் ஒன்றும் இப்படித்தான் தடுமாறி வந்திருக்கிறது. லண்டனிலிருந்து வரும் சைட் அண்ட் சவுண்ட் பத்திரிகை, 1952லிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் கேட்டு, எல்லாக் காலத்துக்குமான சிறந்த படங்களை வரிசைப்படுத்துகிறது. முதல் தடவை முதலிடம் பைசிக்கிள் தீவ்ஸ். அப்போது அது வெளிவந்து நான்கே வருடம். சிட்டிசன் கேன் அந்த வருடம் முதல் பத்தில்கூட இல்லை. பிறகு 1962லிருந்து 2002 வரை ஐந்து தடவை அதை யாராலும் அசைக்க முடியவில்லை. 2012இல் வெர்டிகோ வந்து அசைத்தது. 2022இல் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு மேலே வந்தது, ஷான்தால் ஆகெர்மான் 1975இல் எடுத்த ழான் டீல்மான். மூன்று மணி நேரத்துக்கும் மேலாக ஒரு பெண் உருளைக்கிழங்கு தோல் சீவுகிறாள், படுக்கை விரிக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள். அதுவும் எழுபதுகளின் படம்தான். அது முதலிடத்துக்கு வர 47 வருடம் ஆனதற்கு, முன்பெல்லாம் யாரிடம் கேட்டார்கள், யாரிடம் கேட்கவில்லை என்பதும் ஒரு காரணம். (அந்தப் படத்தை அம்மாவுக்குப் போட்டுக்காட்டும் துணிச்சல் எனக்கு வரவில்லை. உருளைக்கிழங்கை இப்படியா சீவுவது என்று எழுந்து போய்விடுவாள்.)

இதையெல்லாம் யோசித்துவிட்டு, நான் என் முதல் இடத்தை மட்டும் மாற்றவில்லை. உதிரிப்பூக்களுக்கு மேலே எதையும் வைக்க மனசு வராது. ஊரே சேர்ந்து ஒருவனை ஆற்றங்கரைக்கு நடத்திக்கொண்டு போகும் அந்தக் கடைசிப் பகுதியை எத்தனை தடவை பார்த்தாலும், நானும் அந்தக் கூட்டத்தில் ஓர் ஆளாக நிற்பதுபோல் கை நடுங்கும். அதை அம்மா பார்க்கவே இல்லையோ என்று கேட்டேன்.

"பாத்தேன், பாத்தேன். பொண்டாட்டியப் போட்டுப் படுத்துவானே. அதுக்கு என்னத்துக்குய்யா துட்டுக் குடுத்துப் போகணும்? நம்ம மேல வீட்லயே தெனமும் நடந்துச்சுல்லா."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மேல வீட்டில் நடந்ததைப் படமாக எடுத்துக் காட்டிய பிறகுதானே என்னைப் போன்றவர்களுக்கு அது கண்ணில் பட்டது என்று சொல்லியிருக்கலாம். மேல வீட்டு அத்தையின் முகம் எனக்கும் நினைவிருக்கிறது. அவள் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் எழுந்து போவாள். நான் பம்பரம் விட்டுக்கொண்டிருப்பேன். பல வருடம் கழித்து ஒரு விடுதி அறையில், அந்தப் படத்தில் மனைவியாக வரும் அஸ்வினியின் முகத்தைத் திரையில் பார்த்து அழுதபோது, அந்த அத்தையின் நினைவு எனக்கு வரவில்லை. இப்போது அம்மா சொல்லித்தான் வருகிறது.

என் கட்சியை விட்டுக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை. அம்மாவுக்குக் காற்று நன்றாக அடித்தது என்பதற்காக ஆதிபராசக்தி நல்ல படமாகிவிடாது. எல்லாம் அவரவர் ரசனை என்று கையைக் கழுவிவிட்டால் எதைப் பற்றியும் பேச வேண்டியதில்லை. பசியில் ஷோபா நடித்தது நடிப்புதான்; தேசிய விருது வாங்கி, பதினேழு வயதிலேயே போய்ச் சேர்ந்தது அந்தப் பெண். அந்தக் குப்பம்மாவை யார் ரசனைக்காகவும் நான் பட்டியலிலிருந்து இறக்கமாட்டேன். ஆனால் இது "எழுபதுகளின் பத்துப் படங்கள்" என்று தலைப்புப் போடக் கை வரவில்லை. எண்பதுகளின் கடைசியில் பையன்கள் விடுதியில் இருந்த ஒருவனுக்குக் கிடைத்த எழுபதுகள் என்று வேண்டுமானால் போடலாம். அக்கா மகள் சிரிப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் லீவில் வந்திருந்தாள். பட்டியலிலிருந்து ஒன்றைப் பார்க்கலாம் என்று அவள் ஒரு தொடர்கதையைப் போட்டோம். அம்மா தூங்கிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சுஜாதா வேலைக்குப் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் ஜெய்கணேஷ் காசு கேட்டு வந்து நின்ற ஓர் இடத்தில், "கொஞ்சம் நிப்பாட்டு" என்றாள்.

"இந்தப் பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு இருக்கும்?"

இந்தப் படத்தை நான் ஏழெட்டுத் தடவையாவது பார்த்திருப்பேன். கல்லூரி மலரில் கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"தெரியலையேம்மா."

"ஆச்சி, இருநூத்தம்பது இருக்குமா?" என்றாள் பேத்தி, குத்துமதிப்பாக.

அம்மா விரலை மடக்க ஆரம்பித்தாள். தாய்க்காரி, அண்ணன், மதினி, பிள்ளைகள், கண்ணு தெரியாத தம்பி, தாலியறுத்துட்டு வந்தவ, கல்யாணத்துக்கு நிக்கிறவ. அரிசி, பால், வீட்டு வாடகை, மண்ணெண்ணெய். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனாள்.

"காணாது" என்றாள். "அந்தப் பய குடிக்க வேற குடுக்கணும்லா. சரி, போடு."