மலையேறுமுன்

சிவனொளிபாத மலை 2,243 மீற்றர் உயரம். நல்லதண்ணிப் பாதையில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். வன்னியிலுள்ள நமது கால்களோ சமதரைக்குப் பழகியவை. ஆகவே ஒரு மாதம் முன்பே மாலைதோறும் குளக்கட்டில் ஏறியிறங்கி நடவுங்கள். உச்சியில் குளிர் கடுமை. கம்பளிச் சட்டை அவசியம். மற்றச் சுமையைக் குறையுங்கள். எதை விட்டுச் செல்வதென்று, 2009இல் நடந்தே இடம்பெயர்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓரேபு மலைக்கு நடக்கவிருந்த எலியாவுக்கு வானதூதர் புத்திமதி சொல்லவில்லை. உண்ணக் கொடுத்தார், உறங்கவிட்டார், மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். (வெறுவயிற்றில் ஏறுவதே பக்தியென்போர் கவனிக்க!)

கூட வரும் அம்மம்மாவின் நடையே எல்லோருக்கும் நடை. அவருக்கு முடியாமற்போனால், உச்சியைக் காணாமல் அவரோடு பாதியில் திரும்புவது யார்? புறப்படுமுன் வீட்டிலேயே பேசி முடிவெடுங்கள்.