மூன்று விநாடி

கிள்ளானில் ஒரு கோயில் மண்டபம். சனிக்கிழமை மாலை, வெளியே மழை. தொலைநோக்கியை மட்டும் நம்பி இந்தப் பக்கத்தில் வானியல் சொல்லித்தர முடியாது. மேகம் விலகினால் நகர வெளிச்சம் மறைக்கும். அதனால் திரையும் புரொஜெக்டருமாகத்தான் போவேன். அன்றைக்கும் நண்டு நெபுலாவின் படத்தைப் போட்டு எக்ஸ்ரே வானியல் பேசினேன். 1054ல் வெடித்துச் சிதறிய நட்சத்திரத்தின் மிச்சம் அது. சீனர்கள் அதைப் பகலிலேயே பார்த்துக் குறித்து வைத்தார்கள். ராஜேந்திர சோழன் கடாரத்துக்குப் படையெடுத்து 29 வருடம் கழித்து என்று சொன்னால் பிள்ளைகளுக்குக் காலம் பிடிபடும். 'சோழர்களும் பார்த்தார்கள்' என்ற அடுத்த வரி நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுவேன்.

பேசி முடித்ததும் பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார்.

"டீச்சர், திருநள்ளாறு கோயிலுக்கு மேல வர்றப்ப சேட்டலைட் எல்லாம் மூணு செகண்ட் நின்னுட்டுத்தான் போகுதாமே? நாசாக்காரனே அசந்துட்டானாம். பிள்ளைங்களுக்கு அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்க."

வருடக்கணக்காக வாட்சாப்பில் சுற்றும் புரளி. இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். நான் சொல்லவில்லை. "அது பெரிய விஷயம் ஐயா, இன்னொரு நாள் பேசுவோம்" என்று சிரித்தேன். அவரும் சிரித்தபடி உட்கார்ந்தார். பிள்ளைகள் என் சிரிப்பை 'ஆமாம்' என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கொமுட்டரில் கேஎல் சென்ட்ரல் வரும்வரை எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டே வந்தேன். மண்டபம் இலவசமாகக் கிடைத்தது. அவருக்கு என் அப்பா வயது. பிள்ளைகள் முன்னால் பெரியவரை மட்டம் தட்டக்கூடாது. நான் போனது நட்சத்திரம் பேச, நம்பிக்கையைக் கிண்ட அல்ல. எல்லாமே நல்ல நியாயங்கள்தான், அதுதான் தொந்தரவு.

மறுவாரம் பிரிக்ஃபீல்ட்ஸ் வகுப்பில் அதே படம். ஐந்தாம் ஆண்டு படிக்கும் ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். "எக்ஸ்ரே கண்ணுக்குத் தெரியாதுன்னு சொன்னீங்க டீச்சர். அப்புறம் அந்த நீலக் கலரை யாரு பார்த்தா?"

யாரும் பார்க்கவில்லை. விண்வெளியிலிருந்து வரும் எக்ஸ்ரேயைக் காற்றுமண்டலம் தடுத்துவிடுகிறது, நாம் பிழைத்திருப்பதும் அதனால்தான். ஆகவே கருவியை மேலே அனுப்ப வேண்டும். 1999 ஜூலையில் போன சந்திரா தொலைநோக்கியின் நீள்வட்டப் பாதை, நிலவின் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை நீள்கிறது. அதன் கருவி ஒவ்வொரு எக்ஸ்ரே துகளையும் தனித்தனியாகக் குறிக்கிறது: எந்த இடத்தில் விழுந்தது, எப்போது, எவ்வளவு ஆற்றலோடு. கீழே வந்து சேர்வது எண்களின் பட்டியல். அதிலிருந்து படம் செய்து, எக்ஸ்ரே பகுதிக்கு நீலம் கொடுப்பது ஆட்கள் எடுக்கும் முடிவு. இத்தனை நாளும் நான் அதை 'போட்டோ' என்றே சொல்லி வந்திருக்கிறேன்.

நீலம் பொய்யில்லை. எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று படத்தோடு எழுதியிருக்கிறார்கள். அந்த எண்களையும் யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். திருநள்ளாறு செய்தியில் எந்தத் துணைக்கோள், என்றைக்கு, யார் அளந்தார் என்று எதுவும் கிடையாது. ஆனால் குறிப்பை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் நீட்டும்போது, அந்தச் சிறுமிக்கு நான் கொடுத்ததும் 'டீச்சர் சொன்னாங்க' என்ற ஒன்றைத்தானே?

அன்றிரவு அடுத்த வகுப்புக்கான சந்திரசேகர் கதையை எடுத்துப் பார்த்தேன். அந்தத் தொலைநோக்கிக்கு அவர் பெயர்தான். (நிலாவின் பெயர் என்று நினைக்காத பிள்ளையே இல்லை.) வருடாவருடம் ஒரே மாதிரி சொல்வேன்: சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்த பையன், 1930ல் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே கணக்குப் போட்டு, வெள்ளைக் குள்ளன் நட்சத்திரங்களின் எடைக்கு ஓர் எல்லை இருப்பதைக் கண்டுபிடித்தான், சூரியனைப் போல 1.4 மடங்கு. 1935 ஜனவரியில், லண்டனில், எடிங்டன் என்ற பெரிய வெள்ளைக்காரர் சபை நடுவே அவனைக் கேலி செய்தார். 1983ல் நோபல் பரிசு. நம்மாளு ஜெயித்தார். 'நம்மாளு' என்றதும் பின்பெஞ்சுப் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த நிமிர்வு அவர்களுக்கு வேறு பாடத்தில் சுலபமாகக் கிடைப்பதில்லை, அதனால் இந்தக் கதையை விடவும் எனக்கு மனசு வராது.

ஆனால் நான் விட்டுவிட்ட பகுதிகள் உண்டு. எடிங்டனும் சந்திராவும் கடைசிவரை நண்பர்களாகவே இருந்தார்கள்; எடிங்டன் நூற்றாண்டை ஒட்டி 1982ல் கேம்பிரிட்ஜில் அவரைப் போற்றிப் பேசியவர் சந்திராதான். இன்னொன்று, அன்றிரவு என்னைச் சுட்டது. எடிங்டன் சொல்வது தவறு என்று நீல்ஸ் போர், பாலி போன்றவர்களுக்குத் தெரியும். தனிப்பட்ட முறையில் சந்திராவுக்குச் சரி என்றார்கள். வெளியே ஒரு வரி எழுதித் தரவில்லை. பெரிய மனிதர், எதற்கு வம்பு. சந்திரா அந்தத் துறையை விட்டே நகர்ந்தார்.

என் கதையில் வில்லன் எப்போதும் எடிங்டன். சிரித்துக்கொண்டு சும்மா இருந்தவர்களைப் பற்றி நான் ஒரு வகுப்பிலும் பேசியதில்லை.

மாதக் கடைசியில் மறுபடி கிள்ளான். ஆரம்பிப்பதற்கு முன்பே அந்தப் பெரியவரைத் தேடிப் போனேன். வாசலில் தே ஓ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: 400 கிலோமீட்டர் உயரத்தில் போகும் துணைக்கோள் விநாடிக்கு ஏறக்குறைய 7.7 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதை விழாமல் வைத்திருக்கிறது. மூன்று விநாடி நின்றால் அதற்குள் 40 மீட்டர் கீழே வந்துவிடும். மறுபடி அந்த வேகத்தைப் பிடிக்க இன்னொரு ராக்கெட் வேண்டும். இல்லையென்றால் விழுந்துகொண்டே இருக்கும். "அப்படி எதுவும் நிக்கலைங்கய்யா. சனீஸ்வரனைக் கும்பிடறதுக்கு அந்தச் செய்தி தேவையும் இல்லை."

கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் குவளையையே பார்த்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. நீங்க பெரிய விஷயம்னு சொன்னதும், டீச்சரே ஒத்துக்கிட்டாங்கன்னு போட்டு மூணு குரூப்புக்கு அனுப்பிட்டேன்."