பெயர் பெற்ற கலைஞரும் பெயரிழந்த முகமும்

கமரா ஓர் இயந்திரம். அதன் விசையை அழுத்துபவன் எங்ஙனம் கலைஞனாவான்? ஒரு காலத்தில் எழுந்த இந்த ஏளனக் கேள்விக்கு அமெரிக்கரான அல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் செயலால் விடையிறுத்தார். 1902இல் சகாக்களைத் திரட்டி ஓர் இயக்கம் கண்டார். 1903இல் சஞ்சிகை தொடங்கினார். 1905இல் நியூயோர்க்கில் காட்சிக்கூடம் திறந்தார். கலைஞனின் பெயர் திறமையால் மட்டும் உருவாவதில்லை. சங்கமும் சஞ்சிகையும் காட்சிச் சுவரும் சேர்ந்தே அதனை உருவாக்குகின்றன.

இது நியாயமான வெற்றியே. ஆயினும், படத்தில் இருப்பவருக்கு அவ்வெற்றியில் பங்கு யாது?

1936 மார்ச்சில், அரசாங்கப் பணியிலிருந்த டொரோதியா லாங், கலிபோர்னியாவின் நிப்போமோவில் ஒரு தாயைப் படமெடுத்தார். பட்டாணி விளைச்சல் அழிந்து, வேலையிழந்த கூலிகள் பசியோடு கிடந்த முகாம் அது. வயது முப்பத்திரண்டு என்பதை அறிந்த லாங், பெயரைக் கேட்கவில்லை. படம் பத்திரிகையில் வெளிவந்ததும் முகாமுக்கு அரசாங்கம் உணவு அனுப்பியது. இதனை மறைத்தல் நேர்மையன்று. லாங்கின் பெயர் உலகெங்கும் பரவியது. அந்தத் தாய் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்பதோ 1978இல்தான் உலகுக்குத் தெரிந்தது. அப்படத்தால் தமக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்றார் அவர். 1983இல் மறைந்தார். 1998இல் அப்படத்தின் ஒரு பிரதி 2,44,500 டொலருக்கு ஏலம் போயிற்று.

இதற்கு லாங்கின் பேராசையைக் காரணமாகக் கூறுதல் தவறு. படம் அரசாங்கத்தின் உடைமை. அவரும் உரிமைப்பணம் பெற்றவரல்லர். எடுத்தவரின் பெயரைப் போற்றி, எடுக்கப்பட்டவரின் பெயரைத் தேவையற்றதாகக் கருதும் சமுதாய வழக்கமே இங்கு விசாரணைக்குரியது.

பெயர் நீங்கினால்தான் ஒரு முகம் ஒரு வர்க்கத்தின் குறியீடாகும் என்பர் சிலர். லூயிஸ் ஹைனின் பணி இதனை மறுக்கிறது. பள்ளி ஆசிரியராக இருந்த ஹைன், 1908 முதல் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த சிறுவரைப் படமெடுத்தார். இயன்றவிடத்தெல்லாம் அவர்களின் பெயரையும் வயதையும் வேலையையும் குறித்துக்கொண்டார். அதனால் படங்களின் வலிமை குன்றவில்லை. சிறுவர் உழைப்புக்கு எதிரான போராட்டத்தில் அவை மறுக்கவியலாச் சான்றுகளாயின. அத்தகைய ஹைன் 1940இல் வறுமையில் இறந்தார்.

பசித்தவர் தமக்குத் தாமே குறியீடு அல்லர். அவருக்குப் பெயருண்டு, முறையீடும் உண்டு. ஏழையின் முகம் பதிந்த படமொன்றை வகுப்பிலே காட்டும் ஆசிரியர், எடுத்தவர் யார் என்று கூறுவதோடு நிறுத்தலாகாது. அதில் இருப்பவர் யார் என்று மாணவர் கேட்கவும் பழக்க வேண்டும்.