முதுசொமும் தேட்டமும்

ஒரு கமக்காரர் இளைப்பாறும்போது அவருடைய நிலம் யாரிடம் போய்ச் சேரவேண்டும்? பிள்ளையிடம் என்பது பழைய பதில். கூடுதல் விலை தருபவரிடம் என்பது சந்தையின் பதில். பிள்ளைக்கு நிலத்தில் நாட்டமில்லை, கூடுதல் விலை தருபவர் கமம் செய்யப்போவதில்லை, கமம் செய்யத் துடிப்பவரிடம் காசில்லை என்று வரும்போது இரண்டு பதில்களும் உதவாமற் போகின்றன. இதைப் பொருளாதாரப் பிரச்சினையாகவே பேசிப் பழகியிருக்கிறோம். என் பார்வையில் இது முதலில் ஓர் அறக்கேள்வி. நிலத்தை விட்டுப் போகிறவர் எதைத் தன்னுடன் எடுத்துச்செல்லலாம், எதை விட்டுச்செல்ல வேண்டும்?

நாம் வாழும் பிரான்சையே எடுத்துக்கொள்வோம். 2010இல் இங்கு ஏறத்தாழ 490,000 பண்ணைகள் இருந்தன. 2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அது 390,000 ஆகக் குறைந்துவிட்டது. பண்ணை நடத்துபவர்களில் 43 சதவீதமானோருக்கு அப்போதே 55 வயதோ அதற்கு மேலோ ஆகியிருந்தது. இவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கும்போது, பெரும்பாலும் பக்கத்துப் பெரிய பண்ணை அவர்களுடைய வயல்களையும் சேர்த்துக்கொள்கிறது. கமக்காரக் குடும்பத்தில் பிறக்காத, ஆனால் கமத்தையே தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞர்களும் யுவதிகளும் வேலிக்கு வெளியே நிற்கிறார்கள்.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. 1946இலிருந்து இங்கு குத்தகைக்காரருக்கு வலுவான பாதுகாப்பு உண்டு. குத்தகை ஒன்பது ஆண்டுகளுக்குக் குறையக்கூடாது. நிலம் விலைக்கு வந்தால் வாங்கும் முதல் உரிமை, அதில் பயிர் செய்பவருக்கு. 1960ஆம் ஆண்டின் சட்டம் சஃபேர் என்ற நிறுவனங்களை உருவாக்கியது. விவசாய நிலம் கைமாறும்போது நொத்தாரிசு இவற்றுக்கு அறிவிக்கவேண்டும். இரண்டு மாதங்களுக்குள் சஃபேர் குறுக்கிட்டு அந்த நிலத்தைத் தானே வாங்கி, பொருத்தமான ஒருவருக்கு விற்கலாம். ஆனால் பண்ணையைக் கம்பனியாக மாற்றிப் பங்குகளை விற்றுவிட்டால் இந்த வலையிலிருந்து நழுவலாம். அந்த ஓட்டையை அடைப்பதற்கு 2021இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. வடபகுதியில் குத்தகையைக் கைமாற்றும்போது மறைவாகப் பணம் வாங்கும் வழக்கமும் உண்டு; சட்டம் தடுத்தும் அது ஒழியவில்லை. அதற்குப் பெயர் ‘பா து போர்த்’. லா சப்பலில் கடை எடுத்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை.

இளைப்பாறும் கமக்காரரைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிடுவது இலகு. அது நியாயமாகாது. இந்த நாட்டில் மிகக் குறைந்த ஓய்வூதியம் பெறுவோரில் கமக்காரரும் அடங்குவர். முழுக்காலமும் பண்ணை நடத்தியவருக்கு ஆகக்குறைந்த சம்பளத்தின் 85 சதவீதத்தையாவது ஓய்வூதியமாக உறுதிசெய்ய 2020இல்தான் சட்டம் வந்தது. வாழ்நாள் முழுவதும் கடன் கட்டி வாங்கிய நிலமே அவருடைய சேமிப்பு. அதைக் குறைந்த விலைக்கு விடு என்று அவரிடம் கேட்பது, உன் முதுமையை இன்னொருவரின் இளமைக்குக் கொடு என்று கேட்பதாகும். அப்படிக் கேட்பதற்கு நமக்கு என்ன உரிமை?

இந்தக் கேள்விக்கு ஒரு மக்கள் கூட்டம் நடைமுறையில் பதில் தேடியது. தெற்கே அவெரோன் மாவட்டத்தில் லார்சாக் என்றொரு மேட்டுநிலம் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் நிலம். ஆடு வளர்த்து, ரொக்போர் பாற்கட்டிக்குப் பால் கொடுத்து வாழ்பவர்களின் இடம். 1971 ஒக்டோபரில் பாதுகாப்பு அமைச்சர் மிஷெல் டெப்ரே, அங்கிருந்த 3,000 ஹெக்டேர் இராணுவ முகாம் 17,000 ஹெக்டேராக விரிவாக்கப்படும் என்று அறிவித்தார். 1972 மார்ச்சில், பாதிக்கப்பட இருந்தவர்களில் 103 கமக்காரர்கள் தங்கள் காணியை இராணுவத்துக்கு விற்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள். வார்தாவில் காந்தியுடன் தங்கியிருந்த லான்சா டெல் வாஸ்தோ அங்கு வந்து உண்ணாவிரதம் இருந்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் ஈபிள் கோபுரத்தின் கீழ் ஆடுகள் மேய்ந்தன. பத்து ஆண்டுப் போராட்டத்தின் பின், 1981இல் மித்தெரான் பதவிக்கு வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது.

நமக்கு இந்தக் கதையில் நெஞ்சைத் தொடும் பகுதிகள் பல. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வெற்றிக்குப் பிறகு நடந்தது. அந்தப் பத்து ஆண்டுகளில் இராணுவம் சும்மா இருக்கவில்லை. மேட்டுநிலத்தில் வாழாத உரிமையாளர்களிடமிருந்து காணிகளை வாங்கிக் குவித்திருந்தது. தூரத்தில் இருந்தவர்கள்தான் இலகுவாக விற்றார்கள். இப்படி அரசின் கைக்குப் போன ஏறத்தாழ 6,300 ஹெக்டேரை என்ன செய்வது? துண்டுதுண்டாகப் பிரித்து ஆளுக்கொரு உறுதி எழுதியிருக்கலாம். அவர்கள் அதைக் கேட்கவில்லை. தங்களுக்குள் ஒரு பொது அமைப்பை உருவாக்கி, 1985இல் அரசிடமிருந்து அந்த நிலம் முழுவதையும் அறுபது ஆண்டு நீள்குத்தகைக்குப் பெற்றார்கள். 2013இல் அது 2083 வரை நீடிக்கப்பட்டது.

அந்த நிலத்தில் எவருக்கும் தனியுடைமை இல்லை. கமம் செய்பவருக்கு இளைப்பாறும் வரை குத்தகை. இளைப்பாறியதும் நிலமும் வீடும் பொது அமைப்பிடம் திரும்புகின்றன. அடுத்து வருபவரை அந்த அமைப்பு தெரிவுசெய்யும். பிள்ளை விண்ணப்பிக்கலாம், ஆனால் பிள்ளை என்பதற்காகக் கிடைக்காது. போகிறவர் வெறுங்கையுடனும் போவதில்லை. அவர் செலவுசெய்து திருத்திய கட்டடத்துக்கு, அதன் பயன்பாட்டைக் கணக்கிட்டு, வருபவர் ஈடு கொடுக்கிறார். மண்ணுக்கு விலையில்லை. ஆகவே பெரிய மூலதனமில்லாத ஒருவரும் உள்ளே வரமுடிகிறது. நாடெங்கும் பண்ணைகள் அருகிவந்த காலத்தில் லார்சாக்கில் அப்படி நடக்கவில்லை.

இந்த ஒழுங்கை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்தவருக்குப் பிறமொழிச் சொல் தேவையில்லை. தேசவழமை சொத்தை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று பிரிக்கிறது. முன்னோரிடமிருந்து வந்தது முதுசொம். கணவனும் மனைவியும் மணவாழ்வில் சம்பாதித்தது தேட்டம். அந்தப் பிரிவைக் குடும்பத்துக்கு வெளியே விரித்துப் பாருங்கள். கட்டிய கொட்டில், திருத்திய வீடு, பெருக்கிய மந்தை எல்லாம் போகிறவரின் தேட்டம். அதற்கு முழு ஈடும் அவருக்கு உரியது. மண் அவர் செய்ததல்ல. அவருக்கு முன் உழுதவர்களிடமிருந்து வந்து, பின் உழப்போகிறவர்களிடம் போகவேண்டிய ஊர்ப்பொது முதுசொம். தேட்டத்தை எடுத்துக்கொண்டு முதுசொத்தை விட்டுச்செல்வதே இளைப்பாறும் உழவரின் அறம் என்பது என் கருத்து.

இதற்கு ஒரு விலை உண்டு. போராட்டத்தில் தலைமுடி நரைத்த ஒருவர், தான் காத்த வீட்டையே இளைப்பாறும் நாளில் காலிசெய்ய வேண்டியிருக்கிறது. இது சிறிய விடயமல்ல. நிலத்தை விடும்படி ஒருவரைக் கேட்கும் சமூகம் அவருக்குத் தலைசாய்க்க ஒரு கூரையும் உண்ணப் போதிய ஓய்வூதியமும் கொடுத்தாக வேண்டும். அதைக் கொடுக்காமல் தியாகத்தை மட்டும் எதிர்பார்ப்பது ஏமாற்று. லார்சாக்கின் ஒழுங்கை நாடு முழுவதற்கும் பொருத்த முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே இடைவழிகள் தேவைப்படுகின்றன. 2003இல் தொடங்கிய தெர் து லியான் என்ற அமைப்பு, சாதாரண மக்களின் சேமிப்பைத் திரட்டிப் பண்ணைகளை வாங்குகிறது. இளைப்பாறுபவருக்கு விலை கிடைக்கிறது. புதியவருக்கு, சூழலைப் பேணும் நிபந்தனைகளுடன் நீண்ட குத்தகை கிடைக்கிறது. நிலம் திரும்பவும் சந்தைக்கு வருவதில்லை. வேறு சிலர் ஓராண்டு, ஈராண்டு முதியவருடன் சேர்ந்து வேலைசெய்து, எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்தத் துண்டு முதலில் காயும் என்று பழகிய பின்பே பண்ணையை ஏற்கிறார்கள். அந்த அறிவு எந்த உறுதியிலும் எழுதப்படுவதில்லை. நிலம் மட்டும் மாறி அறிவு மாறாவிட்டால் புதியவர் பாதி நிலத்தைத்தான் பெறுகிறார்.

இதையெல்லாம் பிரெஞ்சுக்காரரின் விவகாரமாக வாசித்துவிட்டுப் போகலாம். ஆனால் நம்மிலும் பலர் காணி உரிமையாளர்கள். தேசவழமையிலும் முன்கொள்வனவு உரிமை இருக்கிறது. 1947இல் அதைத் தனிச் சட்டமாகவும் எழுதினார்கள். அந்த முதல் உரிமை பங்காளிக்கும் உரித்தாளிக்கும் உரியது. இங்கே உழுபவருக்குக் கிடைப்பது அங்கே உறவினருக்குக் கிடைக்கிறது. தலைமுறை தலைமுறையாக நம் தோட்டங்களைக் கொத்திய மக்களுக்கு, சாதியின் பெயரால், காசு கொடுத்தும் காணி மறுக்கப்பட்டது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக்காரருக்குப் பாதுகாப்புத் தந்தது. அது வயலுக்கு மட்டும்தான். வெங்காயமும் புகையிலையும் விளைந்த தோட்டக்காணி அதற்குள் வரவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்களின் காணி இன்றுவரை முழுமையாக விடுபடவில்லை. பறித்ததைத் திருப்பித் தா என்பது வேறு, வைத்திருப்பதை விடமாட்டேன் என்பது வேறு. முதலாவதில் எந்த விட்டுக்கொடுப்புக்கும் இடமில்லை. லார்சாக் மக்களும் முதலில் அதைத்தான் வென்றார்கள்.

ஆனால் கைக்கு வந்த காணிகளின் நிலை என்ன? நாம் உழவிலிருந்து எப்போதோ இளைப்பாறிவிட்டோம். அதை ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. திரும்புவோம் என்ற நம்பிக்கைக்கு அந்த உறுதி ஓர் அத்தாட்சி. அதைக் கேலிசெய்ய என்னால் இயலாது. ஆயினும் அந்த நம்பிக்கையின் வாடகையை ஊரில் நிற்கும் இளம் கமக்காரர் கட்டுகிறார். வெளிநாட்டுக் காசு ஏற்றிய விலையில் அவரால் ஒரு பரப்பும் வாங்க முடியாது. பற்றை மண்டிய காணியைப் பார்த்துக்கொண்டு அவர் கூலிக்குப் போகிறார், அல்லது நம்மைப் போலவே வெளியேற வழி தேடுகிறார்.

விற்க மனமில்லாதவர், நொத்தாரிசு முன்னிலையில் நீண்டகாலக் குத்தகை எழுதிக்கொடுக்கலாம். விற்பவர், காணியின் விளைச்சல் தாங்கக்கூடிய விலையில், கமம் செய்பவருக்கு, சாதி கேளாமல் விற்கலாம். கிணறு வெட்டிய காசும் வேலி அடைத்த காசும் நம் தேட்டம். அதைக் கேட்டு வாங்குவதில் தவறில்லை. அந்தச் செம்மண்ணை நாம் தேடவில்லை. அடுத்த போகம் அதில் யார் வெங்காயம் நடுவது என்பது, பாரிசில் இருக்கும் நம் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது.